சிலுவையை அவசரப்படுத்தாதீர்கள்: பங்கு வழிபாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பங்குத்தந்தையருக்கும், பங்குப் பேரவையினருக்கும், வழிபாட்டுக் குழுவினருக்கும், அன்பியங்களின் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களின்) பொறுப்பாளர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

கிறிஸ்துவின் பெயரால் வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன்பே இதை எழுதுகிறோம். இங்கே சொல்லப்போகும் வேலைகளில் பலவும் புனித வாரத்தில் கையிலெடுத்தால் நடக்காதவை. தச்சரிடம் சொல்லி மரம் எடுக்க வேண்டும், பீடச்சிறுவர்களைப் பழக்க வேண்டும், பிள்ளைகளின் கையைத் திருத்த வேண்டும். கேட்பது ஒன்றுதான். நம் கோவில்களில் சிலுவைக்கு ஒதுக்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள். சிலுவையைப் பற்றிய நம் விசுவாசம் பிரசங்கத்தில் வளர்வதைவிடக் கையிலும் நெற்றியிலும் முழங்காலிலும்தான் அதிகம் வளர்கிறது. அங்கே அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு பேசினாலும் ஈடாகாது.

நெற்றியிலிருந்து தொடங்குவோம். சிலுவை அடையாளம் போடுவதற்கு நான்கைந்து விநாடி வேண்டும். நம் பங்குகளில் பெரும்பாலோர் ஒரு விநாடியில் முடிக்கிறார்கள்: கை நெஞ்சுக்கு மேலே காற்றில் ஒரு வட்டம் போட்டுவிட்டு உதட்டுக்குப் போய்விடுகிறது. தமிழில் இந்தச் செபத்துக்கு ஓர் அழகான வசதி உண்டு. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் ‘பெயராலே’ என்பது முதலில் வரும். நமக்கோ அது கடைசியில் வருகிறது. ஆகவே வாயும் கையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். ‘தந்தை’ என்னும்போது நெற்றி, ‘மகன்’ என்னும்போது நெஞ்சின் அடி, ‘தூய’ என்னும்போது இடத்தோள், ‘ஆவியாரின்’ என்னும்போது வலத்தோள், ‘பெயராலே’ என்னும்போது இரு கைகளும் சேர்கின்றன, பிறகு ‘ஆமென்’. விரல் உண்மையாகவே உடலைத் தொட வேண்டும். ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி’ என்று பழைய முறையில் சொல்லும் பெரியவர்களைத் திருத்தாதீர்கள். ‘அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே’ என்று தொடங்கி நெற்றியிலும் வாயிலும் மார்பிலும் மூன்று சிறு சிலுவை வரைகிற அந்தப் பழைய செபத்தை, அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நற்செய்தி வாசகத்துக்கு முன் கட்டைவிரலால் நாம் வரைகிற மூன்று சிலுவைகளும் அதே இடங்களில்தான் விழுகின்றன. வார்த்தை அறிவில் தங்கி, வாயில் வெளிப்பட்டு, நெஞ்சில் காக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். இந்தத் தொடர்பு தெரிந்த பிள்ளை அதை விளையாட்டாகச் செய்வதில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நுட்பம். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து நின்று வலக்கையால் செய்துகாட்டினால், அவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடக்கையைத் தூக்குவார்கள், அல்லது வலத்தோளை முதலில் தொடுவார்கள். பிழை பிள்ளையுடையது அல்ல. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். அல்லது எதிரே நின்று உங்கள் இடக்கையால், அவர்கள் பக்கக் கணக்குப்படி செய்துகாட்டுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையின் கையில் அடிக்காதீர்கள். வலக்கை என்பது வழக்கம். அதைத் தவறவிட்டால் பாவம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. வலத்தோளை முதலில் தொடுகிற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இந்த அடையாளம் கோவிலுக்கென்று பிறந்ததல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், வீட்டைவிட்டுப் போகும்போதும் வரும்போதும், செருப்பு மாட்டும்போதும், குளிக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், விளக்கேற்றும்போதும், படுக்கும்போதும் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டதை எழுதிவைத்திருக்கிறார். பேருந்து ஏறும்போது, அடுப்பு பற்றவைக்கும்போது, வலை இறக்கும்போது, தேர்வுத்தாளைத் திருப்பும்போது நம் மக்கள் போடும் சிலுவை அந்த வரிசையில்தான் சேரும். அதை மூடப்பழக்கம் என்று பிரசங்கத்தில் ஏளனம் செய்ய வேண்டாம். அதற்குப் பதில், திருமுழுக்கின்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைகிறார்களே, அதை அன்றோடு நிறுத்திவிடாமல் ஒவ்வோர் இரவும் தூங்கப்போகும் பிள்ளையின் நெற்றியில் வரையச் சொல்லுங்கள். அப்பாக்களை வரையச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது அம்மாவின் வேலையாகவே போய்விட்டது.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைகிறோம். அதற்கு ஓர் எச்சரிக்கை. போன ஆண்டுக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து திருப்பி வாங்கி எரிக்கும்போது முழுக்கக் கருகவிட்டு, ஆறியபின் மெல்லிய துணியில் சலியுங்கள். ஒட்டுவதற்காகத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைக்காதீர்கள். சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் காரம் ஊறி இறங்கும். குழந்தைகளின் நெற்றி எரிந்து சிவக்கும், சிலருக்குப் புண்ணும் ஆகும். உலர்ந்த சாம்பலே போதும், விரல் ஈரமில்லாமல் இருந்தால் சிலுவை நன்றாகவே விழும்.

இயேசுவின் பாடுகளை நிலைக்கு நிலை நின்று தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு வருவோம். பிரான்சிஸ்கன் சபையார் எருசலேமில் வளர்த்த இந்தப் பக்தி, 14 நிலை என்ற எண்ணிக்கையில் உறுதிப்பட்டது 1731இல், திருத்தந்தை 12ஆம் கிளமெந்து காலத்தில். பல புதுக் கோவில்களில் இப்போது விலையுயர்ந்த ஃபைபர் சிற்பங்கள் இருக்கின்றன, சிலுவை இல்லை. நிலை என்பதன் உயிர் அங்கே பதிக்கப்பட்ட சிலுவைதான், படம் துணைக்குத்தான். படமே இல்லாமல் 14 சிலுவை மட்டும் இருந்தாலும் அது சிலுவைப்பாதை. ஆகவே ஒவ்வொரு சிற்பத்தின் மேலும் ஒரு சாண் உயர மரச்சிலுவை ஒன்றைப் பொருத்தி, மந்திரித்துவைக்கும்படி (ஆசீர்வதிக்கும்படி) குருவிடம் கேளுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை.

நிலைக்கு நிலை நடப்பதும் இதன் உயிர்தான். எல்லாரும் நடக்க இடமில்லையென்றால் நடத்துபவராவது நடக்க வேண்டும். மைக் முன்னால் நின்றபடி 14 நிலையையும் படித்து முடிப்பது சிலுவைப்பாதை ஆகாது. ஒரு நிலைக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 35 நிமிடம். நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் சிந்தனையைக் குறையுங்கள், நிலைகளுக்கு இடையே உள்ள மௌனத்தைக் குறைக்காதீர்கள். வெளியே தெருவில் நடத்தும்போது நடப்பது வேறு விதம்: முன்னால் போகிறவர் இரண்டாம் நிலையில் செபிக்க, வால்பகுதி முதல் நிலைக்கே வந்திருக்காது. மக்கள் எல்லாரும் நின்றபின்தான் அடுத்த நிலையை அறிவிக்க வேண்டும் என்று ஒருவரைக் கடைசியில் நிறுத்தி, அவர் கொடி காட்டியதும் தொடங்குங்கள். வெறுங்காலோடு வரும் நேர்ச்சைக்காரர்கள் நம்மிடம் அதிகம். மார்ச், ஏப்ரல் பிற்பகலில் தார்ச்சாலை காலைப் பொசுக்கிவிடும். காலை 7 மணிக்குள் முடியும்படி வையுங்கள், அல்லது மாலை 5 மணிக்குமேல்.

சுமக்கும் சிலுவையைப் பற்றித் தச்சரிடம் பேசும்போது அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள். 10 அடி நெடுமரம், 6 அடி குறுக்குமரம், இரண்டும் 4 அங்குலச் சதுரம் என்றால் தேக்கில் ஏறக்குறைய 32 கிலோ வரும். இதை ஒருவர் தனியாகச் சுமக்கக்கூடாது. நிலைக்கு நிலை ஆள் மாற வேண்டும். தோள் உயரம் ஒத்தவர்களைச் சேர்த்து நிறுத்துங்கள், இல்லையென்றால் குள்ளமானவர் தோளில் மரம் படாது, பாரமெல்லாம் மற்றவர் மேல் இறங்கும். குறுக்குமரம் நெடுமரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீளம் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அது குறுக்கிட வேண்டும். இரண்டு மரத்திலும் பாதிக் கனம் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று படியவைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். ஆணி மட்டும் அடித்த சிலுவை ஐந்தாம் நிலைக்குள் ஆட்டம் கண்டு, குறுக்குமரம் சுழன்று யாருடைய தலையிலாவது இடிக்கும்.

யார் சுமப்பது என்பதிலும் ஒரு வேண்டுகோள். நன்கொடையாளர், பேரவை உறுப்பினர், ‘பெரிய குடும்பம்’ என்று வரிசை வைக்காதீர்கள். சிலுவையைத் தூக்குவது ஊர் மரியாதை அல்ல. பெண்களைக் கூப்பிடுங்கள், துப்புரவுத் தொழிலாளர்களைக் கூப்பிடுங்கள். எந்தத் தெருவுக்குள் நம் பவனி இதுவரை போனதில்லையோ அந்தத் தெருவுக்குள் சிலுவை போகட்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவரை வைத்துக்கொண்டு பெரிய வெள்ளியில் சிலுவைக்கு முத்தி செய்கிறோம் என்றால், அந்த முத்தத்தை யார் ஏற்றுக்கொள்வார்?

இனி பெரிய வெள்ளி. இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான். 1,200 பேர் வருகிற பங்கில் ஒவ்வொருவராக மண்டியிட்டு, முத்தி செய்து, எழுந்திருக்க ஆளுக்கு 6 விநாடி என்றால் 2 மணி நேரம் ஆகும். அதனால் பல பங்குகளில் நாலைந்து சிலுவைகளை ஆங்காங்கே பிடித்து நிற்கவைத்து, கால்மணி நேரத்தில் ‘முடித்துவிடுகிறார்கள்’. திருவழிபாட்டு ஒழுங்கு ஒரே சிலுவையைத்தான் ஆராதனைக்கு வைக்கச் சொல்கிறது. காரணம் எளிது. குரு மூன்று முறை உயர்த்திக் காட்டி, ‘இதோ திருச்சிலுவை மரம்’ என்று பாடும்போது எல்லாரும் முழந்தாளிட்டு வணங்கியது அந்த ஒரு மரத்தை. எழுந்து வந்து வேறொரு சிலுவையைத் தொட்டால், பாடியது ஒன்று, தொட்டது வேறு என்றாகிறது.

ஒரே சிலுவையில் நேரத்தைச் சமாளிக்க வழி இருக்கிறது. கைச்சிலுவையை விட்டுவிட்டு, 6 அடி நெடுமரமும் 4 அடி குறுக்குமரமும் கொண்ட சிலுவை ஒன்றைச் செய்யுங்கள். 4 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் போதும். 10 கிலோ அளவில் வரும், இரண்டு பேர் எளிதாக ஏந்தலாம். ஆராதனை நேரத்தில் அதன் தலைப்பகுதியைப் பீடத்துப் படியில் தலையணை வைத்துச் சாய்த்து, அடிப்பகுதியை மக்கள் பக்கம் நீட்டி வையுங்கள். இரு பக்கமும் இருவர் இருவராக, ஒரே நேரத்தில் நாலு பேர் முத்தி செய்யலாம். 1,200 பேருக்கு 300 முறை. முறைக்கு 7 விநாடி என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 35 நிமிடம். நடுவழியில் வந்து இரு ஓரங்களில் திரும்பட்டும். வரும் வழியும் போகும் வழியும் முட்டிக்கொண்டால்தான் வரிசை நின்றுபோகும். முழங்கால் மடிக்க முடியாதவர்களுக்கு ஒரு பக்கத்தில் நாற்காலி போட்டு, சிலுவையின் கைப்பகுதியைத் தொட விடுங்கள். அப்படியும் கூட்டம் அடங்காது என்றால் அதற்கும் ஒழுங்கே வழி சொல்கிறது: சிலர் முத்தி செய்தபின் குரு சிலுவையை எடுத்துப் பீடத்தின் முன் நடுவில் நின்று உயர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே மௌனமாக ஆராதிக்கலாம். பத்துச் சிலுவையைத் தேடி அலைவதைவிட அது மேல்.

ஒவ்வொரு முத்தத்துக்கும் பின் சிலுவையைத் துடைக்கிற விஷயம் சின்னதாகத் தெரியும், கெடுப்பது அதுதான். கொரோனாவுக்குப் பிறகு பலரும் சானிடைசர் தெளித்துத் துடைக்கிறார்கள். அரக்குப் பாலிஷ் ஏற்றிய மரத்தில் சாராயச் சத்து பட்டால் பாலிஷ் கரைந்து வெள்ளை பூத்து, ஒட்டத் தொடங்கும். அது அடுத்தவர் உதட்டில் படும். சிலுவையில் உள்ள இயேசுவின் உருவம் (சுரூபம்) வண்ணம் பூசியதாக இருந்தால் பாதத்தில் வண்ணம் உரியும். வெள்ளைப் பருத்தித் துணி இருபது துண்டு வெட்டித் தயாராக வைத்து, ஒவ்வொரு முறையும் உலர்வாகத் துடைத்து, அழுக்கானதும் மாற்றுங்கள். இருமலும் சளியும் உள்ளவர்கள் தலைவணங்கிவிட்டுப் போகலாம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். வணங்குவதும் ஆராதனைதான், முத்தமிடாதவர் குறைந்தவர் அல்ல.

புனித பூமிக்கான காணிக்கை அன்றைக்கு உண்டு. ஆனால் தட்டைச் சிலுவையின் பாதத்தருகே வைக்காதீர்கள். மக்கள் சில்லறை தேடி நிற்பதால் வரிசை தாமதமாகிறது. காசு போட்டுத்தான் சிலுவையைத் தொட வேண்டும்போல் சிறுவர்களுக்குத் தோன்றிவிடும். தட்டு வாசலில் இருக்கட்டும்.

ஊதா துணி மூடிய சிலுவையை மூன்று கட்டமாகத் திறக்கும் முறையைக் கையாள்கிறவர்கள், துணியை ஒரே துண்டாகச் சுற்றிக் குண்டூசி குத்தாதீர்கள். முதலில் மேற்பகுதி, பிறகு வலக்கை, பிறகு முழுவதும் என்று திறக்க வேண்டியிருப்பதால், துணியையும் மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இழுத்தால் அவிழும் சுருக்கு போடுங்கள். முடிச்சு அவிழாமல் குருவும் பீடச்சிறுவர்களும் போராடும்போது, மண்டியிட வேண்டிய சபை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ‘வருவீர் ஆராதிப்போம்’ என்று பதில் பாடியபின் முழந்தாளில் சற்று நேரம் மௌனம் வேண்டும். பாடகர் குழு அந்த மௌனத்தில் கீபோர்டு வாசித்து நிரப்ப வேண்டாம். அன்று இசைக்கருவி பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான்.

ஞாயிறு பூசையிலும் கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. பீடத்தின் மேலோ அருகிலோ பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை) ஒன்று மக்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஒன்றே போதும். ஏற்கெனவே இருந்தால் பவனிச் சிலுவையைக் கொண்டுவந்தபின் ஓரமாக வைத்துவிடலாம். பவனியில் சுரூபத்தின் முகம் போகும் திசையைப் பார்க்கட்டும். ஆண்டவர் முன்செல்கிறார், நாம் பின்செல்கிறோம். பாட்டு வரிகளைக் காட்டும் திரை சுரூபத்தை மறைத்து இறங்குகிற கோவில்கள் பெருகிவிட்டன. திரையைப் பக்கத்துத் தூணுக்கு மாற்றுங்கள். சீரியல் விளக்கு சிலுவையைச் சுற்றி ஓட வேண்டாம்.

சுரூபம் இல்லாத வெறுஞ்சிலுவையைப் பற்றி: பெற்றோரில் ஒருவர் சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபையாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் கேட்பார்கள். ‘அவர்களுடையது தவறு’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த, பகலவி (பழைய பாரசீக) எழுத்துச் சூழ்ந்த கற்சிலுவையிலும் சுரூபம் இல்லை. ‘சிலுவை’ என்ற சொல்லே சுரியானி மொழியிலிருந்து நமக்கு வந்தது. ‘குருசு’ போர்ச்சுக்கீசியர் கொடுத்தது, சிலுவை நட்ட சிற்றாலயத்தைக் குருசடி என்று இன்றும் தெற்கே வழங்குகிறோம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருமொழிகளை அமர்ந்து தியானிக்கிற அந்தச் சபையாரின் பொறுமையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது, கோவிலைவிட வீடுகளில் அதிகம் நடக்கிற ஒரு தவறு. ‘இதுதான் உனக்குக் கடவுள் கொடுத்த சிலுவை, பொறுத்துக்கொள்’ என்று, கணவனிடம் அடிவாங்கி வந்த பெண்ணிடம் சொல்லாதீர்கள். அன்பியக் கூட்டத்திலும் சொல்ல விடாதீர்கள். இயேசு தம் உயிரைத் தாமாகவே கொடுப்பதாகச் சொன்னார், யாரும் பறிக்கவில்லை என்றார். ஒருவர் மேல் மற்றவர் திணிக்கும் கொடுமையைச் சிலுவை என்று அழைத்தால், ஆணி அறைந்தவன் பக்கம் நாம் நிற்கிறோம். அந்தப் பெண்ணிடம் 181 என்ற உதவி எண்ணைக் கொடுங்கள், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது என்று சொல்லுங்கள், அன்றிரவு தங்க ஒரு வீடு பாருங்கள். லூக்கா நற்செய்தியில் ‘நாள்தோறும்’ தூக்கச் சொன்ன சிலுவை வேறு: வரதட்சணை வேண்டாம் என்று சொந்தத்தாரின் கோபத்தைச் சம்பாதிப்பது, லஞ்சம் வாங்காததால் இடமாற்றம் பெறுவது, படுத்த படுக்கையான மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பது. பிறருக்காக மனமுவந்து ஏற்கும் விலை அது. அதிலும் ஐந்தாம் நிலையில் சீரேனே ஊர் சீமோனின் தோள் வந்து சேர்ந்ததை மறந்துவிடக்கூடாது. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையில் நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்களின் பட்டியல் எடுத்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் போய் உட்கார்ந்து அவரை வெளியே அனுப்பினால், தவக்காலத்துக்கு அதைவிடப் பெரிய ஒறுத்தல் தேவையில்லை.

உடைந்த சுரூபங்களை மக்கள் குருசடியில் கொண்டுவந்து குவிக்கிறார்கள். மந்திரித்த மரச்சிலுவையை எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும்; சுண்ணச் சுரூபத்தையும் உலோகத்தையும் கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவன்று இதற்கு நேரம் ஒதுக்கி அறிவித்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் பீடத்துணியை எடுத்துவிட்டு, சிலுவையையும் சக்ரிஸ்டிக்குள் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறைக்குள்) வைத்துக் கோவிலைப் பூட்டிவிடுகிறோம். வேண்டாம். அந்தச் சிலுவை இரண்டு அல்லது நான்கு மெழுகுதிரிகளோடு பீடத்தில் இருக்க வேண்டும், அல்லது மக்கள் வந்து முத்தி செய்து செபிக்க வசதியான ஓரிடத்தில். சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டர் இரவு வழிபாடு) தொடங்கும்வரை அதன் முன் முழந்தாளிட்டு வணங்கிச் செல்வதே முறை. சனிக்கிழமை காலை 6 மணியிலிருந்து கோவிலைத் திறந்துவையுங்கள். இரவு வேலை முடித்து வருகிற செவிலியரும், கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் வர முடியாத தாயும், வரிசையில் நிற்க முடியாத பாட்டியும் அப்போது வருவார்கள். யாரும் பின்னாலிருந்து தள்ளாமல், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அந்த மரத்தின் மேல் கைவைத்து நிற்கட்டும்.

இயேசுவில் அன்புடன்,
கோவில் பணியில் உள்ள உபதேசியார்களும் பீடப்பணியாளர்களைப் பழக்குவோரும்